முதலில் சுடுகாட்டுப் பாதை

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் பேருந்தில் ஏறிக் கோட்டூரில் இறங்கியபோது காலை மணி ஏழரை. 2021 மார்ச் கடைசி. வாக்குப்பதிவுக்குப் பத்து நாள்கூட இல்லை. கடைத்தெருவில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு சுற்றிக்கொண்டிருந்தது. டீக்கடை வாசலில் நின்றவர்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

திருத்துறைப்பூண்டி தனித் தொகுதி. தி.மு.க. கூட்டணியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்த ஆறு இடங்களில் இதுவும் ஒன்று. அங்கே கதிர் அரிவாள் சின்னத்தில் நின்ற கே. மாரிமுத்து அப்போது கோட்டூர்ப் பக்கத்துக் கிராமத்தில் குடிசை வீட்டில் இருந்தவர். மனைவி விவசாயக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் ரொக்கமும் வங்கிக் கணக்கும் சேர்ந்து ஒரு லட்ச ரூபாயைத் தொடவில்லை. நிலம் ஒரு ஏக்கருக்கும் குறைவு. 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் இந்தச் சீமையின் குடிசைகளைப் புரட்டிப் போட்டபோது அவருடைய குடிசையும் தப்பவில்லை.

அவரைப் பேட்டி எடுக்க நான் போகவில்லை. தேர்தல் நேரத்தில் எந்த வேட்பாளரும் கட்சி அறிக்கையில் இருப்பதைத்தான் சொல்வார், சொல்லவும் வேண்டும். அவரைப் போலவே கூலி வேலையும் கீற்றுக்கூரையுமாக வாழ்கிறவர்கள், நம்மில் ஒருவர் கோட்டைக்குப் போனால் முதல் வேலையாக எதைச் செய்யணும் என்று நினைக்கிறார்கள்? அதைக் கேட்கத்தான் போனேன். நான் போன ஊரின் பெயரைச் சொல்லவில்லை. தொகுதியின் எந்தக் காலனித் தெருவுக்கும் பொருந்தும் ஊர்தான் அது.

ஊருக்குள் நுழையும் முன்பே வயலில் ஆட்கள் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரம் பார்த்து விதைத்துவிடும் உளுந்து இது. தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. பனியிலேயே வளர்ந்து பங்குனியில் காய்ந்து நிற்கும். வெயில் ஏறினால் காய் வெடித்து மணி மண்ணில் சிதறிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே இறங்கிவிடுகிறார்கள். நான் போனபோது பாதி வயல் முடிந்திருந்தது.

வயலில் ஒன்று கண்ணில் பட்டது. பச்சையும் பழுப்புமாக நின்ற உளுந்துக்கு நடுவே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நேர்கோடாக வெறும் தரை. ஒரு முழ அகலம் இருக்கும். கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொரு கோடு. வயல் முழுக்க இப்படி ஜோடி ஜோடியாகக் கோடுகள் ஓடின. நெல் அறுக்க வந்த செயின் வண்டி ஏறின தடம். முளைத்து நின்ற உளுந்தை அது நசுக்கிவிட்டுப் போயிருக்கிறது.

"அக்கா, உங்க பக்கத்து ஆளு நிக்கிறாரே, ஜெயிச்சா மொதல்ல என்ன செய்யணும்?" என்று வரப்பில் நின்று கேட்டேன். வரிசையின் மூத்த அம்மா நிமிரவில்லை. பிடுங்கிய செடியை முட்டியில் தட்டி மண்ணை உதறியபடியே சொன்னார்: "வேலை வேணும் தம்பி. இந்தா பாரு, இந்த வண்டி வந்த பொறவு அறுப்பு எங்க கையில இல்ல. நடவும் பாதி போயிட்டு, தெளிச்சு வுட்டுடுறாங்க. மிச்சம் இந்த உளுந்துதான். இது இன்னும் ஒரு வாரம். அதுக்கு மேல எங்க போறது?"

பக்கத்திலிருந்த பெண் சிரித்துக்கொண்டே, "நூறு நாள் வேலைக்குத்தான்," என்றார். அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். "நூறுன்னு பேருதான். என் அட்டையில போன வருசம் நாப்பதுகூட ஏறல."

நூறு நாள் வேலைக்கு அப்போது தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு 256 ரூபாய். ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் 273 ஆனது. தி.மு.க. அறிக்கையில் அதை 150 நாளாக்குவோம் என்றிருந்தது. கூலியை நிர்ணயிப்பது தில்லி. நாளை எண்ணித் தருவது ஊராட்சி. இடையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரால் என்ன செய்ய முடியும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அன்றைய சட்டம் நூறு நாள் என்று சொல்லும்போது ஏன் நாற்பது, எந்த ஊரில் எத்தனை என்று அவையில் எழுந்து கேட்க முடியும். அந்த அட்டையைக் கையில் வைத்துக் கேட்கிற ஆள் கேட்டால் பதில் சொல்கிற அமைச்சரும் சற்று நிதானிப்பார். அந்த அம்மாவின் அட்டை மாதிரி ஒன்று தன் வீட்டிலேயே இருப்பவருக்கு அந்தக் கேள்வியை எழுதிக் கொடுக்க உதவியாளர் வேண்டாம்.

காலனித் தெருவில் பத்து மணிக்கே அனல். இரண்டு வகை வீடுகள். தெருவின் முன்பகுதியில் பழைய தொகுப்பு வீடுகள், பின்னால் கீற்றுக் குடிசைகள். தொகுப்பு வீடு என்றால் நல்ல வீடு என்று வெளியூர்க்காரர் நினைப்பார். ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார்கள். மேல்தளத்துச் சிமெண்டு பூச்சு பாதிக்கு மேல் கொட்டிக் கம்பி வெளியே தெரிந்தது. துருப்பிடித்து ஊதிய கம்பி. அதற்கு நேர் கீழே யாரும் படுப்பதில்லை. அந்த இடத்தில் தண்ணீர்க் குடங்களை வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இந்தக் காங்கிரீட் வீட்டை விட்டுப் பின்னால் போட்டிருக்கும் கீற்றுக் கொட்டகையில்தான் தூங்குகிறார்களாம். "கொட்டகை விழுந்தா கீத்துதான் மேல விழும். இது விழுந்தா?" என்றார் அந்த வீட்டு இளைஞர். கஜாவுக்கு அப்புறம் வந்து கணக்கெடுத்தவர்கள் இதைக் 'காங்கிரீட் வீடு' என்று எழுதிக்கொண்டு போனதால் குடிசைக்குக் கிடைத்தது தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டார்.

குடிசைக்காரர்களின் சிக்கல் வேறு. மனை கோயிலுக்குச் சொந்தம். மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். பட்டா இல்லை. பட்டா இல்லாமல் அரசு வீடு கேட்க முடியாது. கேட்டால் முதல் கேள்வியே மனை யார் பேரில் என்பதுதான். பண்ணையாள்கள் குடியிருந்த மனைகளை அவர்களுக்கே உரிமையாக்கத் தமிழ்நாட்டில் குடியிருப்புச் சட்டம் வந்தது 1971இல். அது நிறையப் பேரைக் காப்பாற்றியது உண்மை. நிலக்காரர் 'மனையைக் காலி பண்ணு' என்று மிரட்டிக் கூலியைக் குறைக்கிற வழக்கம் அதனால்தான் ஒழிந்தது. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்தும் இந்தத் தெருவில் பாதிப் பேர் அடுத்தவர் மனையில் குடியிருப்பவர்கள்தான்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஒரு பைக் வந்து நின்றது. தோளில் பையோடு ஒரு இளைஞர் இறங்கினார். பெண்கள் இரண்டு மூன்று பேர் சட்டென்று உள்ளே போனார்கள். வாரத் தவணை வசூலுக்கு வருகிறவர். குழுக் கடன் என்கிறார்கள், கம்பெனிகள் பல. ஒரே பெண் நான்கு இடத்தில் வாங்கியிருக்கிறார். முதல் கடன் கஜாவில் விழுந்த கூரைக்கு. அடுத்தது அந்தத் தவணை கட்டுவதற்கு. 2020இல் ஊரடங்கின்போது ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தவணை தள்ளியது, வட்டி தள்ளவில்லை. அதுவும் சேர்ந்து இப்போது கழுத்தில் நிற்கிறது. ஒருவர் கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்டணும் என்பதால் சண்டை தெருவுக்குள்ளேயே வருகிறது. "கம்பெனிக்காரன் சத்தம் போடமாட்டான் தம்பி. எங்களுக்குள்ளயே சத்தம் போட வெச்சிட்டு ஓரமா நிப்பான்," என்றார் ஒரு பெண். அவர் குரலில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லையே.

வேலை, வீடு, பட்டா, கடன். எதிர்பார்த்துப் போனவைதான். எதிர்பாராதது மதியத்துக்கு மேல் வந்தது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், செங்கொடிச் சங்கத்தில் இளவயதிலிருந்து இருப்பவர், திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, "வாங்க தோழர், ஒரு எடம் காட்டுறேன்," என்றார். தெருவின் பின்பக்கம் ஒரு வாய்க்கால். அதன் மேல் பனைமரத் துண்டு இரண்டு. தாண்டினால் வயல். வயல் நடுவே வரப்பு. அவர் முன்னால் போக நான் பின்னால் நடந்தேன். வரப்பு ஒரு அடி அகலம். சில இடத்தில் நண்டு வளை பறித்து அதுவும் இல்லை. இரண்டு முறை கால் வழுக்கி வயலில் இறங்கினேன். கோடையில் காய்ந்த வரப்பு அது. ஏறக்குறைய அறுநூறு எட்டு எண்ணியபோது ஒரு மேடு வந்தது. நான்கு சிமெண்டுத் தூண்கள், மேலே கூரை இல்லை. தகரத்தைக் கஜா கொண்டுபோய்விட்டது. தூண்களுக்கு நடுவே தரை கருத்திருந்தது.

"இதுதான் எங்க சுடுகாடு," என்றார். "இப்ப வந்த வழிதான் பாதை."

பாடையை நாலு பேர் தூக்கணும். ஒரு அடி வரப்பில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்க முடியாது. அதனால் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று இரண்டு பேர்தான் தூக்குகிறார்கள். அல்லது நாலு பேர் தூக்கி, வரப்பின் இரு பக்கமும் பயிருக்குள் இறங்கி நடக்கணும். சம்பா பொதியில் இருக்கும் ஐப்பசி கார்த்திகையில் பயிரில் இறங்கினால் நிலக்காரரோடு தகராறு. அவரும் கடன் வாங்கித்தான் நட்டிருப்பார். அதே மாதங்களில்தான் மழை, அப்போதுதான் வயதானவர்கள் அதிகம் போகிறார்கள். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் போகும்போது தன் அப்பாவின் உடம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கடந்ததைச் சொன்னார். சொல்லும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். கையைக் கீழே இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"மொதல்ல இது," என்றார். "வீடு அப்பறம் வரட்டும். உசுரோட இருக்கறவன் எப்புடியும் சமாளிச்சுக்குவான்."

கட்சிகளின் தேர்தல் அறிக்கைகள் எதிலும் முதல் பக்கத்தில் சுடுகாட்டுப் பாதையைப் பார்த்ததில்லை நான். ஆனால் காவிரிக் கடைமடையின் தலித் தெருக்களில் போய்க் கேட்டால் திரும்பத் திரும்ப வருகிற கோரிக்கை அது. செலவு பெரிதா? ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக அப்போது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அறுநூறு எட்டுப் பாதைக்கும் வாய்க்கால் மேல் ஒரு குறும்பாலத்துக்கும் அதில் ஒரு சிறு துளி போதும். நடுவில் இருக்கும் பட்டா நிலத்தைப் பேசி வாங்குவதுதான் வேலை. அதற்கு நிலக்காரரோடும் தாசில்தாரோடும் பத்து முறை உட்கார்ந்து பேசணும். பத்து முறை உட்கார்வதற்கு அந்தப் பாதை ஒருவருக்கு வலித்திருக்கணும். தோளில் பாடையோடு அந்த வரப்பில் நடந்தவருக்கு மனு கொடுத்துப் புரியவைக்க வேண்டியதில்லை. உழைக்கிறவர்களிலிருந்து ஒருவர் சட்டமன்றத்துக்குப் போகணும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். ஏழை என்பதாலேயே ஒருவர் நல்ல உறுப்பினர் ஆகிவிடமாட்டார், தெரியும். எதை முதலில் செய்வது என்கிற வரிசை அவருக்கு வாழ்க்கையிலிருந்து வந்திருக்கும். மற்றவர்களுக்கு அதை யாராவது சொல்லித்தரணும்.

அப்படியானால் ஏன் இப்படிப்பட்டவர்கள் அதிகம் நிற்பதில்லை? சாயங்காலம் திருத்துறைப்பூண்டிக்குப் பேருந்தில் போகும்போது நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெபாசிட் பொதுத் தொகுதியில் 10,000 ரூபாய், பட்டியல் சாதி வேட்பாளருக்கு 5,000. அதைத் திரட்டிவிடலாம். அந்தத் தேர்தலில் வேட்பாளர் சட்டப்படி செலவு செய்யலாம் என்று வைத்திருந்த உச்சவரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம். நாள் கூலி 256 என்று நூறு நாளும் முழுதாகக் கிடைத்தால் ஆண்டுக்கு 25,600. அந்த உச்சவரம்பை எட்ட ஒருவர் 120 ஆண்டு மண் வெட்டணும். சட்டம் அனுமதிப்பதைத்தான் சொல்கிறேன். கணக்கில் வராமல் ஓடும் பணத்தைச் சேர்க்கவே இல்லை.

பின் எப்படி மாரிமுத்து நிற்க முடிந்தது? அதற்கான பதில் திருத்துறைப்பூண்டியிலேயே இருக்கிறது, பி. சீனிவாசராவ் நினைவிடத்தில். தென்கன்னடத்தில் பிறந்தவர், தமிழ் தாய்மொழி இல்லை. 1943இல் கட்சி அனுப்பித் தஞ்சைக்கு வந்தார். சாணிப்பாலும் சவுக்கடியும் பண்ணையாள்களுக்குத் தண்டனையாக இருந்த காலம். சேரிகளிலேயே தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்தார். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அவர் வளர்த்த செங்கொடிச் சங்கத்தின் பலம் இருக்கிறது. 1961இல் இறந்தார். அந்தச் சங்கத்துக்காரர், இதே கோட்டூர்ப் பக்கத்துக் களப்பால் குப்பு சிறையிலேயே உயிர்விட்டார். முத்துப்பேட்டை அருகே சாம்பவானோடை சிவராமன் 1950இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தெருவில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 2006இலும் 2011இலும் இதே கட்சியின் உலகநாதன் இங்கே வென்றார் என்றால் அந்த வாக்குகளுக்கு இத்தனை பின்கதை உண்டு. கூலிக்காரர் ஒருவர் தனியாக எழுந்து நின்றுவிட முடியாது. அவரை நிறுத்த ஒரு சங்கம் வேண்டும், அது மூன்று தலைமுறை அடிபட்டிருக்கணும்.

கடைத்தெருவில் சிவப்புத் துண்டு போட்ட நான்கைந்து பேர் தகர உண்டியலோடு கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். தேர்தல் நிதி. பழக்கடைக்காரர் இருபது போட்டார். மருந்துக்கடைக்காரர் ஐம்பது. பேருந்துக்கு நின்ற ஒரு அம்மா, கையில் உளுந்து மூட்டை, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்த பத்து ரூபாயை எடுத்தார். உண்டியல் வாய்க்குள் நோட்டு போகாமல் மடங்கியது. திரும்பவும் நீவி, நான்காக மடித்துப் போட்டார். மற்ற தொகுதிகளில் வேட்பாளர் தரப்பிலிருந்து வாக்காளர் கைக்குப் பணம் போவதாகக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போயிருந்த எனக்கு, அது எதிர்த்திசையில் போவதைக் கண்ணால் பார்த்தது ஆறுதலாக இருந்தது.

அந்த அம்மாவிடமும் கேட்டேன். முதலில் என்ன செய்யணும்? அவர் யோசிக்கவே இல்லை. "போனா வீட்டுல இருக்கணும். கூப்புட்டா வரணும். அது போதும்."

மே 2 அன்று முடிவு வந்தது. முப்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் மாரிமுத்து வென்றார். கட்சி நின்ற ஆறில் இரண்டு இடங்களே கிடைத்தன, இதுவும் தளியும். அதே நாளில் தேர்வான உறுப்பினர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கும் மேல் தங்கள் பிரமாணப் பத்திரத்தில் கோடிக் கணக்கில் சொத்து காட்டியிருப்பவர்கள். சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் அப்போது 1,05,000 ரூபாய். குடிசையிலிருந்து போனவருக்கு ஒரே மாதத்தில் வாழ்க்கை மாறக்கூடும். மாறட்டும், அவருக்கும் நல்ல வீடு வேண்டும். அந்த வரப்பு மட்டும் அவர் நினைவிலிருந்து போகாமல் இருக்கணும். அதற்காக நான் கொண்டுபோக வேண்டிய மனு ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயரும் அறுநூறு எட்டுக் கணக்கும் அதில் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுப்பேன்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தொகுதியில் வென்றவரின் பிரமாணப் பத்திரம், படிவம் 26 என்பார்கள், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். பிறகு உங்கள் ஊரின் காலனித் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். பாதை இல்லையென்றால், அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது அந்த வரப்பில் அவரையும் கூட்டிக்கொண்டு நடங்கள்.